பாஸ்கரரின் 40500

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைப் போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் இன்னும் நல்லது.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு ஃபார்வர்டு வந்தது. ஏழாம் நூற்றாண்டிலேயே பாஸ்கராச்சாரியார் சைன் மதிப்பைத் துல்லியமாகக் கண்டுபிடித்துவிட்டார், உலகம் அதை மறைத்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். கீழே முப்பது பேர் கை கூப்பியிருந்தார்கள். அதே வாரம், என்னிடம் பிளஸ் ஒன் படித்த ஒரு மாணவர் தன் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு எனக்கு எழுதினார்: "டீச்சர், தொலைத்தொடுகோட்டையும் வெட்டுத்துண்டையும் கொடுத்துட்டு சார்பைக் கண்டுபிடின்னு கேக்கறாங்களே, இது நிஜ வாழ்க்கையில யாருக்காவது உதவியிருக்கா?"

இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் என்னிடம் இருக்கிறது. ஃபார்வர்டில் சொன்ன பாஸ்கரர்தான் அந்தப் பதில். ஆனால் ஃபார்வர்டில் இருக்கும் "துல்லியமாக" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட வேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

* * *

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் கணித வரலாற்றில் பாஸ்கரர் இருவர். 'லீலாவதி' எழுதியவர் 12ஆம் நூற்றாண்டுக்காரர். நாம் பேசப்போகிறவர் அவருக்கு ஐந்நூறு வருஷம் முந்தியவர். இவரை முதலாம் பாஸ்கரர் என்று சொல்வது வழக்கம். ஆரியபட்டர் 499ல் எழுதிய 'ஆரியபடீய'த்துக்கு இவர் 629ல் ஓர் உரை எழுதினார். 'மகாபாஸ்கரீயம்', 'லகுபாஸ்கரீயம்' என்று இரண்டு வானியல் நூல்களும் எழுதினார். 1979 ஜூன் 7ஆம் தேதி ரஷ்ய மண்ணிலிருந்து விண்ணுக்குப் போன நம் நாட்டுச் செயற்கைக்கோளின் பெயர் பாஸ்கரா. அந்தப் பெயரில் இவருக்கும் பங்கு உண்டு.

இவருக்கு சைன் எதற்குத் தேவைப்பட்டது? சூரியன், சந்திரன், கிரகங்கள் இன்றைக்கு எந்த இடத்தில் இருக்கும் என்று கணக்குப் போடுவதற்கு. சராசரி வேகத்தில் போனால் சூரியன் இங்கே இருக்க வேண்டும் என்று ஓர் இடம் கிடைக்கும். உண்மையான சூரியன் அதிலிருந்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அந்த முன்னே பின்னே எவ்வளவு என்பதற்கு சைன் வேண்டும்.

சைன் மதிப்புகளை ஆரியபட்டர் ஏற்கெனவே தந்திருந்தார். வட்டத்தின் ஆரத்தை 3438 என்று வைத்துக்கொண்டு, கால் வட்டத்தை 24 பங்காக வெட்டினார். ஒவ்வொரு பங்கும் 3¾ பாகை, அதாவது 225 கலை. (ஒரு பாகைக்கு 60 கலை. பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்கு இது தெரியும்.) அடுத்தடுத்த சைன்களுக்கு நடுவே உள்ள வித்தியாசங்கள் 24ஐயும் ஒரே செய்யுளில் அடக்கிவிட்டார். 225 என்று தொடங்கி 224, 222, 219 என்று குறைந்துகொண்டே வந்து 7ல் முடியும். முதல் எட்டைக் கூட்டினால் 30 பாகைக்கான சைன் 1719 வரும். 24ஐயும் கூட்டினால் 90 பாகைக்கான 3438 வரும். 1719 என்பது 3438ல் சரிபாதி என்பதைக் கவனித்தீர்களா? சைன் 30 என்றால் அரை என்று நீங்கள் ஒப்பித்தது அதைத்தான்.

பழைய லாகரிதம் டேபிளைப் புரட்டிய தலைமுறைக்கு இது உடனே புரியும். அட்டவணையில் இல்லாத கோணம் வந்தால் என்ன செய்வோம்? வலது ஓரத்தில் இருக்கும் சராசரி வித்தியாசக் கட்டத்தைப் பார்த்துக் கூட்டிக்கொள்வோம். அவர்களும் அப்படித்தான். இரண்டு மதிப்புகளுக்கு இடையே பிரித்து எடுத்துக்கொள்வார்கள். ஆனால் நம் கையில் அச்சடித்த புத்தகம் இருந்தது. அவர்களுக்கு எல்லாம் மனப்பாடம்.

இந்த மனப்பாட மரபு நம் பக்கம் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தது தெரியுமா? 1825ல் சென்னையில் வெளிவந்த தன் நூலில் ஜான் வாரன் என்பவர் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், சோழிகளைத் தரையில் பரப்பி, அட்டவணைகளை மனசிலிருந்தே வாக்கியங்களாக எடுத்து, சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியிருக்கிறார். அப்படி ஒரு நினைவாற்றல்!

அட்டவணையைச் சுமக்க ஒரு வழி மனப்பாடம். இன்னொரு வழி, அட்டவணையே வேண்டாம் என்கிற அளவுக்கு ஒரு விதியைக் கண்டுபிடிப்பது. முதலாம் பாஸ்கரர் இரண்டாவது வழியைத் தந்தார்.

* * *

'மகாபாஸ்கரீய'த்தின் ஏழாம் அத்தியாயத்தில் 17 முதல் 19 வரையிலான செய்யுள்களில் அந்த விதி இருக்கிறது. 225 முதலான வித்தியாசங்களைப் பயன்படுத்தாமல் கணிக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன் என்று ஆரம்பிக்கிறார். என் வார்த்தையில் அதன் சாரம் இது:

கோணத்தை 180லிருந்து கழி. மிச்சத்தை அதே கோணத்தால் பெருக்கு. கிடைத்ததை இரண்டு இடத்தில் எழுதிக்கொள். ஓரிடத்தில் அதை 40500லிருந்து கழித்து, மிச்சத்தில் கால் பங்கு எடு. மற்றோரிடத்தில் இருப்பதை இந்தக் கால் பங்கால் வகு. அதோடு ஆரத்தைப் பெருக்கினால் வேண்டிய விடை.

அவ்வளவுதான். பெருக்கல், கழித்தல், வகுத்தல். அட்டவணை இல்லை. நினைவில் வைக்க வேண்டிய பெரிய எண் ஒன்றே ஒன்று: 40500.

இந்த 40500 எங்கிருந்து வந்தது? பாஸ்கரர் சொல்லவில்லை. அந்தக் காலத்துச் செய்யுள் நூல்களில் விதி இருக்கும், வழி இருக்காது. வழியைக் குரு வாயால் சொல்லுவார். 1967ல் ஆர். சி. குப்தா என்ற கணித வரலாற்று அறிஞர் இந்த விதியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, இதை அடையக்கூடிய பல வழிகளை அதில் விவாதித்திருக்கிறார். அவற்றையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. பிளஸ் ஒன் கணக்கை வைத்துக்கொண்டு நாமே கட்டிப் பார்ப்போம். கரும்பலகை இல்லை என்பதுதான் குறை.

* * *

முதல் படி. சைன் எங்கே பூஜ்யம் ஆகிறது? 0 பாகையில் ஒரு தடவை, 180 பாகையில் ஒரு தடவை. இவைதான் வெட்டுத்துண்டுகள், வளைவு கிடைக்கோட்டை வெட்டும் இடங்கள். வகுப்பில் ஆயிரம் தடவை சொன்னேனே, பூஜ்யம் ஆகிற இடம் தெரிந்தால் காரணி தெரிந்துவிட்டது என்று. கோணத்தை 'க' என்று வைத்தால், ஒரு காரணி க, இன்னொன்று (180 − க). இரண்டையும் பெருக்கி அதற்கு 'ப' என்று பெயர் வைப்போம்.

ப = க × (180 − க)

பாஸ்கரர் செய்யச் சொன்ன முதல் பெருக்கல் இதுதான். ஆக, தொகுதி கிடைத்துவிட்டது.

இரண்டாம் படி. 90 பாகையில் சைன் 1. அங்கே ப = 90 × 90 = 8100. அப்படியானால் பவை 8100ஆல் வகுத்தால் போதாதா? 0, 90, 180 மூன்றிலும் சரியாக வருமே! செய்து பாருங்கள். 30 பாகையில் ப = 30 × 150 = 4500. அதை 8100ஆல் வகுத்தால் 0.556. வர வேண்டியது 0.5. பத்து சதவீதத்துக்கு மேல் பிசகு. ஏன்? நாம் வரைந்தது பரவளையம். அது சைனைவிடத் தோள்பட்டை அகன்றது. உச்சியில் சரியாக இருக்கிறது, இரண்டு பக்கத்திலும் பிதுங்குகிறது.

மூன்றாம் படி. பிதுங்குகிற இடத்தில் எப்படி இறக்குவது? பகுதி எல்லா இடத்திலும் ஒரே 8100 ஆக இருக்கக்கூடாது. உச்சியில் 8100 ஆகவும், பக்கவாட்டில் அதைவிடக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். அதாவது ப குறையும்போது பகுதி கூட வேண்டும். அப்படி நடக்கிற மிக எளிய அமைப்பு (அ − ஆ × ப). இங்கே அ, ஆ இரண்டும் நாம் கண்டுபிடிக்க வேண்டிய எண்கள். பல்லுறுப்புக்கோவையைப் பல்லுறுப்புக்கோவையால் வகுக்கிறோம். இதைத்தான் விகிதமுறு சார்பு என்று படித்தோம்.

இரண்டு தெரியாத எண்கள், இரண்டு தெரிந்த செய்திகள்.

90 பாகையில் விடை 1 வர வேண்டும்: அ − 8100 ஆ = 8100.

30 பாகையில் விடை அரை வர வேண்டும்: அ − 4500 ஆ = 9000.

ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 3600 ஆ = 900. ஆக, ஆ = ¼. அ = 10125.

பகுதி என்ன? 10125 − ¼ ப. இதைப் பொதுவாக எடுத்து எழுதினால் (40500 − ப)வில் கால் பங்கு!

செய்யுளைத் திரும்பப் படியுங்கள். 40500லிருந்து கழி, மிச்சத்தில் கால் பங்கு எடு, அதனால் வகு. நாம் போட்ட கணக்கில் வந்த அதே கால், அதே 40500. முதல் தடவை இதை நான் தாளில் போட்டுப் பார்த்தபோது பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இப்போது நம் வழக்கப்படி சுருக்கி எழுதினால்:

சைன் க = 4ப ÷ (40500 − ப)

* * *

விதி எவ்வளவு நல்லது? கால்குலேட்டரை எடுங்கள்.

30 பாகை: விதி 0.5, உண்மை 0.5. நாமே வைத்த புள்ளி, அதனால் பொருந்துகிறது.

45 பாகை: விதி 12/17, அதாவது 0.7059. உண்மை 0.7071.

60 பாகை: விதி 0.8649. உண்மை 0.8660.

90 பாகை: இரண்டும் 1.

10 பாகை: விதி 0.1753. உண்மை 0.1736.

0லிருந்து 180 வரை எங்கே தேடினாலும் வித்தியாசம் 0.0017ஐத் தாண்டாது. ஆரியபட்டரின் 3438 ஆரத்தில் சொன்னால், 45 பாகைக்கு அட்டவணையில் 2431, விதியில் ஏறக்குறைய 2427.

ரொம்பச் சின்னக் கோணங்களில் மட்டும் சதவீதக் கணக்கில் பிசகு தெரியும். 1 பாகைக்கு விதி தரும் விடை உண்மையைவிட ஒன்றே முக்கால் சதவீதம் கூடுதல். அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

* * *

சரி, தொலைத்தொடுகோடு எங்கே வந்தது? இங்கேதான்.

ப-வை மட்டும் பார்த்தால் இது 4ப ÷ (40500 − ப). செவ்வக அதிபரவளையம். ப = 40500 ஆனால் பகுதி பூஜ்யம், விடை எல்லையில்லாமல் ஓடிவிடும். அது செங்குத்துத் தொலைத்தொடுகோடு, ஒரு சுவர். ப எந்தப் பக்கம் பிரம்மாண்டமாக வளர்ந்தாலும், கூட்டல் எண்ணாக இருந்தாலும் கழித்தல் எண்ணாக இருந்தாலும், விடை −4ஐ நெருங்கிக்கொண்டே போகும், தொடாது. அது கிடைத் தொலைத்தொடுகோடு. நம்பாதவர்கள் −4 + 162000 ÷ (40500 − ப) என்று மாற்றி எழுதிப் பாருங்கள், அதேதான்.

தேர்வுத்தாள் பாணியில் கேட்டால் கேள்வி இப்படி இருக்கும்: வெட்டுத்துண்டு 0, செங்குத்துத் தொலைத்தொடுகோடு 40500, கிடைத் தொலைத்தொடுகோடு −4, சார்பைக் காண்க. வெட்டுத்துண்டு தொகுதியில் ப என்ற காரணியைத் தரும். செங்குத்துக் கோடு பகுதியில் (ப − 40500) தரும். கிடைக்கோடு முன்னால் நிற்கும் −4ஐத் தரும். −4ப ÷ (ப − 40500). வந்துவிட்டது பாஸ்கரர் விதி. மூன்றே மூன்று செய்திகள், ஒரே ஒரு வளைவு. எங்கே வெட்டும், எங்கே வெடிக்கும், தூரத்தில் எங்கே போய் அடங்கும். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் இந்த வகைச் சார்பில் வேறு எதுவும் மிச்சம் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்கரர் வரைபடத் தாளில் கோடு இழுத்து இதைக் கண்டுபிடித்தார் என்று நான் சொல்லவில்லை. நாம் போடுகிற அச்சும் வரைபடமும் ஐரோப்பாவில் தெக்கார்த் 1637ல் வெளியிட்ட நூலிலிருந்து வளர்ந்தவை. தொலைத்தொடுகோடு என்ற கருத்து அதற்கும் வெகு முன்னால், கிறிஸ்துவுக்கு இருநூறு வருஷம் முன்பு வாழ்ந்த அப்பலோனியஸ் கூம்பு வெட்டுகளைப் பற்றி எழுதியதில் இருக்கிறது. பாஸ்கரருக்குத் தெரிந்தவை பூஜ்யமாகும் இடங்களும், 30க்கும் 90க்கும் உரிய அட்டவணை மதிப்புகளும். தொலைத்தொடுகோடு நம் கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் அவர் விதியைப் பற்றி இன்னொன்று தெரிகிறது.

அது என்ன? 90 பாகையில் ப எட்ட முடிகிற உச்சம் 8100. சுவர் இருப்பது 40500ல். சரியாக ஐந்து மடங்கு தள்ளி. எந்தக் கோணத்தைக் கொடுத்தாலும் ப அந்தச் சுவரை எட்டவே முடியாது. அதனால் இந்த விதி எங்கேயும் வெடிக்காது.

ஆனால் தரை இருக்கிறதே, −4? உண்மையான சைன் −1க்குக் கீழே ஒருபோதும் போகாது. விதிக்கு அது தெரியாது. 270 பாகையைப் போடுங்கள். ப = 270 × (−90) = −24300. விடை −1.5. உண்மை −1. 360ஐப் போட்டால் விதி −2.46 என்கிறது. உண்மை 0. ஆயிரம் பாகையைப் போட்டால் −3.8. வளைவு வழுக்கிக்கொண்டு −4ஐப் பார்த்துப் போகிறது. சைன் ஏறி இறங்கி ஏறி இறங்கி அலையும். விகிதமுறு சார்பு அலையாது. அது தன் தொலைத்தொடுகோட்டில் போய் அடங்கிவிடும். அதன் குணமே அது.

அப்படியானால் விதி தவறா? இல்லை பிள்ளைகளே. விதிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்ட வேண்டிய தேவையே அவர்களுக்கு வரவில்லை. எந்தக் கோணம் வந்தாலும் அதை முதலில் கால் வட்டத்துக்குள் கொண்டுவந்துவிடுவார்கள். அப்படிக் கொண்டுவந்ததற்குப் பெயர் புஜம். பாஸ்கரர் தன் விதியில் சொல்வது புஜத்தின் பாகைகளைத்தான். 270 என்ற எண் அந்த விதிக்குள் நுழையவே நுழையாது.

அந்த எல்லைக்குள் 0.0017 பிசகு என்பது அவர்கள் வேலைக்குப் பெரிதா? ஆரியபட்டர் முறையில் சூரியனுக்குச் செய்ய வேண்டிய அந்த 'முன்னே பின்னே' திருத்தம் ஏறக்குறைய 129 கலைக்குள் அடங்கும். 129ல் 0.0017 பங்கு என்றால் கால் கலைகூட இல்லை. வானத்தில் சூரியத் தட்டின் அகலமே சுமார் 32 கலை. அதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான பிசகு. வெறும் கண்ணால் வானத்தைப் பார்த்த காலத்தில் இதைவிடத் திருத்தமாக இருந்து என்ன பயன்? வேலைக்கு எவ்வளவு போதும் என்று தெரிந்து, அதற்கு மேல் சுமை ஏற்றாமல் கட்டிய விதி இது.

* * *

இந்த விதி தனியாக நிற்கவில்லை. பாஸ்கரர் உரை எழுதியதற்கு முந்தின வருஷம், 628ல், பிரம்மகுப்தர் எழுதிய 'பிரம்மஸ்புட சித்தாந்த'த்திலும் இதற்குச் சமமான விதி இருக்கிறது. 1150ல் 'லீலாவதி' எழுதிய இரண்டாம் பாஸ்கரர், வட்டத்தின் நாண் நீளத்துக்கு இதையே வேறு உருவில் தருகிறார்.

முதலாம் பாஸ்கரரின் நூல்களைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியதில் நம் தென்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. சேரப் பெருமாள் ஸ்தாணு ரவியின் காலத்தில், மகோதயபுரத்தில், அதாவது இன்றைய கொடுங்கல்லூரில், சங்கரநாராயணர் 869ல் 'லகுபாஸ்கரீய'த்துக்கு உரை எழுதினார். 'மகாபாஸ்கரீய'த்துக்கு கோவிந்தசுவாமி உரை எழுதினார். அந்த உரைக்கு, 15ஆம் நூற்றாண்டில் பரமேசுவரர் மறுபடி ஓர் உரை எழுதினார். நூல், அதற்கு உரை, உரைக்கு உரை என்று மூன்றையும் சேர்த்து 1957ல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் வரிசையில் டி. எஸ். குப்பண்ண சாஸ்திரி பதிப்பித்தார். 1960ல் லக்னோவிலிருந்து கே. எஸ். சுக்லா ஆங்கில மொழிபெயர்ப்போடு கொண்டுவந்தார். ஓலையில் இருந்ததை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு அச்சுக்குக் கொண்டுவந்த இந்த மனிதர்கள் இல்லாவிட்டால் உங்கள் ஃபார்வர்டுக்கு விஷயமே கிடைத்திருக்காது. அவர்கள் பெயர் ஃபார்வர்டில் இல்லை.

அதே கேரள மண்ணில் மாதவர் (சுமார் 1340–1425) வேறு பாதையில் போனார். முடிவில்லாத தொடராக சைனைக் கூட்டிக்கொண்டே போகும் வழி அவருடையது. எத்தனை உறுப்பு கூட்டுகிறோமோ அத்தனை நெருக்கம். ஐரோப்பாவில், தொகுதியும் பகுதியும் உள்ள சார்புகளால் மற்றச் சார்புகளை நெருங்குவது எப்படி என்பதை 1892ல் ஆன்றி பதே தன் ஆய்வேட்டில் முறையாக எழுதினார். இன்று அவர் பெயரால் அது பாடமாக இருக்கிறது. பதே செய்தது வேறு மாதிரியான கட்டுமானம். பாஸ்கரரிடமிருந்து பதே எடுத்தார் என்று தயவுசெய்து யாரும் அடுத்த ஃபார்வர்டு தயாரிக்க வேண்டாம். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஊரில் இருந்தவர்கள், ஒரே கருவியின் பலத்தைக் கண்டுகொண்டார்கள். அது போதும்.

* * *

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். "துல்லியமாக."

ஒரு பதினோராம் வகுப்புப் பிள்ளை அந்த ஃபார்வர்டைப் படிக்கிறாள் என்று வையுங்கள். கெட்டிக்காரப் பிள்ளை. கால்குலேட்டரில் 45 போட்டுப் பார்க்கிறாள். மூன்றாம் தசமத்திலேயே இடிக்கிறது. 360 போடுகிறாள். −2.46 வருகிறது. அவள் என்ன முடிவுக்கு வருவாள்? ஃபார்வர்டு பொய் என்று நினைப்பாள், அதோடு பாஸ்கரரும் பொய் என்று நினைப்பாள். நம் முன்னோர் கணக்கு என்றாலே வெறும் ஜம்பம் என்று ஒதுக்கிவிட்டுப் போய்விடுவாள். பெருமைக்காகச் சேர்த்த ஒரு சொல், அந்தப் பெருமையை வாங்கிக்கொள்ள வேண்டியவளையே துரத்திவிடும். எனக்கு இருக்கிற கவலை அதுதான்.

மாறாக, அவளிடம் உண்மையைச் சொல்லுங்கள். இது தோராயம். இரண்டு பூஜ்யங்களும் இரண்டு மதிப்புகளும் வைத்துக்கொண்டு, ஓர் அட்டவணை முழுவதையும் மூன்று செய்யுளில் அடக்கிய தோராயம். எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று நீயே பார்த்துக்கொள்ளலாம் என்று தாளைக் கையில் கொடுங்கள். அவளே அந்த 40500ஐக் கண்டுபிடிக்கட்டும். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்திய ஒரு மனிதர் வைத்த எண், தன் பேனா முனையில் வந்து நிற்பதை அவள் பார்க்கட்டும். அதற்குப் பிறகு அவளுக்கு யாரும் பெருமை சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி கேட்ட மாணவருக்கும் இதுவே என் பதில். தொலைத்தொடுகோடு எதற்கு உதவும்? ஒரு சூத்திரத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்லும். எந்த இடத்தில் அது நம்மைக் கைவிடும் என்று முன்கூட்டியே காட்டும். இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள் அப்பா.

* * *

வீட்டுப்பாடம் கொடுக்காமல் விட்டால் நான் டீச்சரே இல்லை.

ஒன்று: ஒரு விகிதமுறு சார்பு கிடைக்கோட்டை 2ல் வெட்டுகிறது. செங்குத்துத் தொலைத்தொடுகோடு 5ல். கிடைத் தொலைத்தொடுகோடு 3. மேலே பாஸ்கரருக்குச் செய்தது போலவே மூன்று செய்தியையும் வைத்துச் சார்பைக் கட்டுங்கள். அது செங்குத்து அச்சை எங்கே வெட்டும்?

இரண்டு: பாஸ்கரர் விதியில் க இருக்கும் இடத்தில் (90 − க) போட்டால் கொசைன் வரும். சுருக்கிப் பாருங்கள், மிக அழகான ஒரு வடிவம் கிடைக்கும். அது எந்த இரண்டு கோணங்களில் பூஜ்யமாகிறது? அதன் கிடைத் தொலைத்தொடுகோடு என்ன?

வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறோம் என்று தப்பித்துக்கொள்ளக்கூடாது. சித்தப்பா, மதினி எல்லாரும் முதல் கணக்கையாவது போட்டுப் பாருங்கள். பேரப்பிள்ளைகளைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளலாம், அது காப்பி அடித்ததாகாது. விடையை மட்டும் அனுப்பாமல் வழியோடு எழுதுங்கள். வழிக்குத்தான் மதிப்பெண் என்பது உங்களுக்கு மறந்திருக்காது.

எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்